கூழைக்கடா கொண்டுபோன சொல்

சொல்லுக்கு எடை இருந்த காலம் அது. மீனும் மரமும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். காற்றுகூட அந்தப் பேச்சில்தான் முனகியது. இருக்கிற சொற்களை வைத்துக்கொண்டே எல்லாரும் காலம் தள்ளினார்கள். புதிதாக ஒரு சொல் பிறப்பது, புதிதாக ஒரு மலை முளைப்பதைப் போல அபூர்வம்.

தெற்கே பெரிய குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் நின்ற பனைமரத்தில், ஓலை நுனியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சடையன் என்ற தூக்கணாங்குருவி சொற்களை நெய்து வந்தான். ஒலி ஓர் இழை, பொருள் ஓர் இழை. இரண்டையும் அலகால் ஓட்டி ஓட்டி, ஒன்றை இழுத்தால் மற்றதும் கூட வரும்படி முடிச்சுப் போடுவான். நெய்த சொல்லை உலகத்தின் எல்லாக் கூட்டங்களுக்கும் கொண்டு சேர்ப்பது கூழைக்கடாக்களின் வேலை. அவற்றின் அலகுக்குக் கீழே தொங்குகிற பை அதற்காக ஏற்பட்டதுதான்.

சொல்லைக் கொடுப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. கூழைக்கடா ஒவ்வொரு கூட்டத்தின் நடுவிலும் வந்து இறங்கும். அலகைத் திறந்து தலையைத் தாழ்த்தி நிற்கும். கூட்டத்தில் ஒருவர் முன்னால் வந்து பையிலிருந்து தங்கள் பங்கு இழையை உருவிக் காதில் செருகிக்கொள்வார். கொடுப்பவளும் பேசுவதில்லை, வாங்குபவரும் பேசுவதில்லை. ஏனென்றால் புதுச் சொல் ஈரமான சுண்ணாம்பைப் போன்றது. அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்து காய்வதற்கு முன் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பொருள் முழுவதும் அதைக் கேட்ட முதல் காதிலேயே ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு வெறும் ஒலிதான் மிஞ்சும். அப்படிப்பட்ட சொல்லை எச்சில் சொல் என்று சொன்னார்கள். அதைவிடப் பெரிய பழி கூழைக்கடாக்களுக்குக் கிடையாது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பையில் சொல் இருக்கும்போது எந்தக் குரல் கொடுத்தாலும் அந்தச் சொல்தான் வெளியே வரும். அதனால் சொல் சுமக்கிறவள் புறப்பட்டது முதல் திரும்புவது வரை வாயே திறக்கமாட்டாள். மீன்கூடப் பிடிக்கமாட்டாள். எலும்பும் இறகுமாகத்தான் வீடு வந்து சேர்வாள்.

அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. காத்திருக்கிறவர்களிடம் சொல்வதற்கு மட்டும் சரியான சொல் இல்லை.

'வருவேன்' என்ற சொல் இல்லாமல் இல்லை. ஆனால் அது தேய்ந்து போயிருந்தது. வராமலே போனவர்களும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அதனால் அதைக் கேட்டவர் யாருக்கும் மனம் அடங்கவில்லை. ஒரு நரி இரை தேடிப் போனான். தாமதமானது. மனைவி அவனைத் தேடிப் போனாள். அவன் திரும்பி வந்து வெறும் பொந்தைப் பார்த்துவிட்டு அவளைத் தேடிப் போனான். இருவரும் ஒரே குன்றை ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்து, ஒருவரையொருவர் காணாமலே செத்துப் போனார்கள். இப்படி நிறைய நடந்தது. பசியால் செத்தவர்களைவிட, இருந்த இடத்தில் இருக்க முடியாமல் செத்தவர்கள் அதிகம்.

எல்லாக் கூட்டங்களும் சேர்ந்து சடையனிடம் கேட்டன. அவன் மூன்று மழைக்காலம் எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லை நெய்தான்.

சொல் சுமக்கும் முறை அந்த ஆண்டு பேச்சி என்ற கூழைக்கடாவுக்கு வந்திருந்தது. பேச்சுக்காரி என்பதால் அந்தப் பெயர். கருவேல மரத்துக் கூட்டில் அவளுக்கு ஒரே ஒரு குஞ்சு. இன்னும் சிறகு முளைக்கவில்லை. முந்தின வருடத்துக் குஞ்சு, இவள் மீனுக்குப் போயிருந்தபோது, பின்னாலேயே வரப் பார்த்துக் கூட்டின் விளிம்பிலிருந்து விழுந்துவிட்டது. இந்தக் குஞ்சு முட்டையாக இருந்தபோது இரை தேடிப் போன இதன் தகப்பனும் திரும்பவில்லை. அவனும் 'வருவேன்' என்றுதான் சொல்லியிருந்தான்.

பேச்சி பனைக்கு வந்தபோது சடையன் தலைகீழாகத் தொங்கியபடி கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு சின்னதா இருக்கே அண்ணாச்சி," என்றாள் பேச்சி. "மூணு வருசம் இதுக்குத்தானா?"

"பொருள் பெருசு. அதனாலதான் ஒலி சின்னது," என்றான் சடையன். "ஓடிக்கிட்டே சொல்லணும். மூச்சு முட்டும்போதும் சொல்லணும். வாயை மூடித் திறந்தா வந்துரணும். மா. அவ்வளவுதான்." அவன் நெய்தவன் என்பதால் அவன் சொன்னால் ஒட்டாது.

"அர்த்தம்?"

"நான் வந்துக்கிட்டே இருக்கேன். நீ இருந்த இடத்துலயே இரு. பயப்படாதே." சடையன் நூலைக் கடித்துத் துண்டித்தான். "கேட்டவங்களுக்கு நெஞ்சு அந்த நிமிசமே உக்காந்துரும். அப்படி நெய்திருக்கேன்."

பேச்சி அலகு நுனியால் அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தன் பிள்ளைக்கு ஒரு தடவை இதைச் சொல்லிவிட்டுப் புறப்படக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டாள். சடையனுக்குக் கோபம் வரவில்லை. எல்லாரும் எடுத்த பிறகு பையில் மிஞ்சுகிற கடைசி இழை சுமந்தவளுக்குத்தான் என்றும், இது நேற்று வந்த முறை இல்லை என்றும் சொன்னான். ஒரு நிலவு தேய்ந்து வளர்வதற்குள் கொண்டு சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பையிலேயே காய்ந்துவிடும் என்றும் சொன்னான். அலகைத் திறக்கச் சொல்லி இழைகளைச் சுருட்டி உள்ளே வைத்தான். பைக்குள் கல்லை வைத்ததுபோல் கனத்தது.

அது ஐப்பசி மாதம். மலையில் எட்டு நாட்களாக மழை விடவில்லை. குளம் ஒவ்வொரு நாளும் ஒரு கிளை உயரம் ஏறிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் வானம் கொஞ்சம் வெளுத்தது. பேச்சி கூட்டுக்கு வந்து குஞ்சின் பக்கத்தில் நின்றாள். பேச முடியாது. குஞ்சு அவள் அலகைத் தட்டித் தட்டி மீன் கேட்டது. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கிளையில் கறுப்பாயி என்ற நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சைப் பார்த்துக்கொள்வதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஊருக்கெல்லாம் ஆறுதல் கொண்டு போறே," என்றாள் கறுப்பாயி. "பெத்த பிள்ளைக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாமப் போறே. நல்ல வேலைதான் போ. சரி, முறைக்காதே. எம் பிள்ளைகளோட சேத்து இதையும் பாத்துக்கிடுதேன். நீ நல்லபடியா போயிட்டு வா."

பேச்சி கிளம்பினாள். கூழைக்கடாவின் உடம்பு கனம். அது நேராகப் பறந்து போகாது. வெயில் ஏறிக் காற்று சூடாகும்வரை காத்திருந்து, அந்தக் காற்றில் வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறித்தான் தூரத்துக்குப் போகும். அன்று வெயில் பலவீனமாக இருந்தது. அவள் வெகுநேரம் குளத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் கூடு சிறியதாகிக்கொண்டே போனது. பிறகு ஒரு புள்ளி ஆனது. இனிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். அடுத்த சுற்றில் பார்த்தாள்.

அப்போதுதான் மேற்கே அந்த நிறம் தெரிந்தது. மலை அடிவாரத்திலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கோடு குளத்தை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. சத்தம் அவ்வளவு உயரத்துக்கு வரவில்லை. சத்தம் இல்லாமல் ஒரு காடு படுத்துக்கொள்வதை அவள் பார்த்தாள். ஆறு உடைத்துக்கொண்டுவிட்டது.

அவள் சிறகை மடக்கிக் கீழே பாய்ந்தாள். கூழைக்கடா மெல்ல ஏறுகிற பறவை. இறங்கவும் அதற்கு நேரம் வேண்டும். பாதி இறங்குவதற்குள் செந்நீர் குளத்துக்குள் புகுந்துவிட்டது. கருவேல மரங்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. கூடுகளிலிருந்து எல்லாரும் தண்ணீரில் குதித்தார்கள். கறுப்பாயியின் குஞ்சுகள் பிறந்ததிலிருந்து நீந்தத் தெரிந்தவை. அவை குதித்து, முங்கி, அக்கரைப் பக்கம் தலை நீட்டின. கறுப்பாயி தண்ணீரில் மிதந்தபடி பேச்சியின் குஞ்சைப் பார்த்து, "குதி, குதி, நான் பிடிச்சிக்கிடுதேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் தனக்குத் தெரிந்த நல்லதைத்தான் சொன்னாள்.

குஞ்சு கூட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. முந்தின வருடத்துக் குஞ்சு நின்ற அதே மாதிரி, மொட்டைச் சிறகுகளை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு, முன்னால் சாய்ந்து நின்றது. அதற்குக் கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

பேச்சிக்குக் கூடு இன்னும் ஐம்பது பனை தூரத்தில் இருந்தது. குரல் எட்டும், சிறகு எட்டாது. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குன்றைச் சுற்றி வந்த நரிகள் நினைவுக்கு வந்தன. இன்னும் அவள் முகம்கூடப் பார்த்திராத, எங்கெங்கோ வாசலில் நின்றுகொண்டிருக்கிற அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். குஞ்சின் ஒரு கால் விளிம்பைவிட்டு எழும்பியது.

"மா," என்றாள் பேச்சி.

குஞ்சு காலைக் கீழே வைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை, அவளைத் தேடவும் இல்லை. ஏதோ நினைவு வந்ததுபோல மெல்லப் பின்னால் நகர்ந்து, கூட்டின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. மரம் வேரோடு சாய்ந்தது. கூட்டோடு சேர்ந்து மிதந்தது, சுழன்றது, கரையின் வளைவில் போய் முட்டி நின்றது. இவ்வளவு நேரமும் குஞ்சு நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. பேச்சி வந்து இறங்கியபோது அவள் அலகைத் தட்டி மீன் கேட்டது.

அவள் பை காற்றைப்போல் லேசாக இருந்தது.

கறுப்பாயி நனைந்த சிறகோடு மெதுவாக நடந்து வந்தாள். பேச்சியின் அலகுக்குள் எட்டிப் பார்த்தாள். இழைகள் இருந்தன. வெயிலில் கிடந்த வைக்கோலைப்போல் வெளுத்திருந்தன. கறுப்பாயி முதன்முறையாகக் கேலி பேசவில்லை.

"சடையன் அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொல்லு," என்றாள். "பிள்ளைக்காகத்தானே ஏட்டி செஞ்சே. ஏசுவான். ஏசிட்டு மறுபடியும் நெய்வான்."

பேச்சி போனாள். பனைமரம் தலையில்லாமல் நின்றது. அடித்துவந்த மரங்கள் மோதி முறிந்த தலையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. சடையன் எங்கே போனான் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அவள் ஒரு நாள் காத்திருந்தாள், பிறகு இன்னொரு நாள். அவன் திரும்பி வரக்கூடும். வந்து மறுபடியும் மூன்று மழைக்காலம் நெய்யக்கூடும். அதுவரை அந்தக் கூட்டங்கள் என்ன செய்யும்? சொல் வருகிறது என்று அவர்களுக்கு முன்பே தகவல் போயிருந்தது. ஒருவேளை இழைகளில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கலாம் என்றும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இல்லை என்று அவளுக்குத் தெரியும். குஞ்சைக் கறுப்பாயியிடம் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் அவள் கிளம்பினாள். இந்தத் தடவை விட்டுப் போவதற்குக் கவலையே இல்லை. குஞ்சு அசையாமல் இருக்கும்.

பேசாமல் கொடுப்பதுதான் முறை. அந்த முறையே அவளுக்கு ஒளிந்துகொள்ள இடமானது.

முதலில் மணல்வெளியில் வாழ்கிறவர்களிடம் போனாள். அவர்கள் ஊற்று அந்த வாரம்தான் வற்றியிருந்தது. ஒரு பெண் இழையை உருவிக் காதில் செருகினாள். ஒலி வந்தது, பொருள் வரவில்லை. அவள் பேச்சியின் முகத்தைப் பார்த்தாள், தன் ஆட்களின் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் பறந்து வந்தவளிடம் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாருக்கும் புரிகிற சொல் தனக்கு மட்டும் புரியாமல் போயிற்றோ என்ற பயமும் இருந்தது. எந்நேரமும் நெஞ்சில் இருந்ததையே அந்த ஒலிக்குள் வைத்தாள். தண்ணீர். அவளிடமிருந்து இழையை வாங்கிக் காதில் வைத்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிறகு எங்கும் அப்படியேதான் நடந்தது. புல்வெளிக்காரர்களின் குதிரைகள் இடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிப்போயிருந்தன. அவர்களுக்கு அந்தச் சொல் குதிரை ஆனது. ஒரு நாட்டில் நோயாளி ஒருவரைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்குத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது இன்று. மூங்கில் புதருக்கு அப்பால் புதிதாகப் புதைத்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பேய். தாயைத் தொலைத்த பிள்ளைகள் நிறைந்த ஒரு நாட்டில், அது தாய். ஏதோ ஒரு தீர்மானத்துக்கு எல்லாரும் சரி என்று சொல்லும்போது ஒருத்தி மட்டும் தயங்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் இழையை எடுத்தாள். அங்கே அது 'ஆனால்' என்று ஆயிற்று. தீவு ஒன்றில், இரண்டு தூண்களுக்கு நடுவே யாரோ வழக்கமாக நிற்கிற வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்துக்கே அதைப் பெயராக வைத்தார்கள். வடக்கே பனிக்காட்டின் ஓரத்தில் ஒருவன் தனியாக இருந்தான். தன்னைத் தவிர நினைக்க அவனுக்கு யாரும் இல்லை. நான் என்று வைத்துக்கொண்டான்.

நம் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். நாம் எல்லாரும் ஒரே பயத்தைப் பட்டது எப்போது? பூவெல்லாம் கொட்டிப்போன தோப்புக்காரனுக்கு அது மரமானது. பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தவளுக்கு அரைத்த மாவானது. காட்டோரத்தில் இருந்தவனுக்கு அங்கே உறுமியது எதுவோ, அந்த விலங்கானது. ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, எல்லாம் சரிதான் என்றும் சொல்லிக்கொண்டோம்.

ஒரே ஓர் இடத்தில்தான் உண்மை வெளிவரப் பார்த்தது. அது ஒரு வறண்ட மலையடிவாரம். அங்கே ஒரு கிழவர் இழையைக் காதில் வைத்தார், எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

"இதில் ஒன்றும் இல்லையே, அம்மா," என்றார். முறையை மீறிப் பேசிவிட்டார். "இது என்ன?"

பேச்சி நின்றாள். அலகு திறந்தே இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் குரல் கொடுத்தால் என்ன வரும்? மறுபடியும் அந்த ஒலிதான் வரும், இன்னும் வெறுமையாக. கிழவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழையைத் தன் ஆட்களிடம் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் அந்தச் சொல்லுக்கு 'என்ன' என்றே பொருள் நின்றுவிட்டது.

அவள் திரும்பி வருவதற்குள் கூட்டங்கள் சந்தைகளிலும் துறைகளிலும் சந்தித்துக்கொண்டன. ஒருவர் தண்ணீர் கேட்டார், இன்னொருவர் குதிரையைக் காட்டினார். ஒருவர் தாய் என்று அழுதார், இன்னொருவர் பேய் என்று ஓடினார். என் பொருள்தான் சரி என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தங்களுடையது வெறும் இழை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தையல் பிரிந்தால் துணி நிற்குமா? மற்றச் சொற்களும் ஒவ்வொன்றாக விலகின. ஒரே பேச்சு பல பேச்சாயிற்று.

குளத்தங்கரையில் வேறொரு பனையில் சடையன் தொங்கிக்கொண்டிருந்தான். வெள்ளம் அவனை எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்திருக்கிறான். பேச்சி அவன் முன்னால் இறங்கி அலகைத் திறந்து காட்டினாள். கடைசி இழை உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"யாருக்குச் சொன்னே?" என்று கேட்டான்.

அவள் கரைப் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே கறுப்பாயியின் பிள்ளைகள் சண்டைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவில், சிறகு முளைக்கத் தொடங்கிய கூழைக்கடாக் குஞ்சு, எதற்கும் கலங்காமல், வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. சடையன் அது உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தான்.

"நல்லாத்தான் நெய்திருக்கேன், அப்படீன்னா," என்றான்.

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அதற்குப் பிறகு அவன் சொல் நெய்யவில்லை. கூடுதான் கட்டினான். அதிலும் பலவற்றைப் பாதியிலேயே விட்டுவிடுவான்.

அந்தக் கடைசி இழையைப் பேச்சி யாருக்கும் கொடுக்கவில்லை. அது பையில் இருக்கிறவரை எந்தக் குரல் கொடுத்தாலும் அதே ஒலிதான் வரும். கேட்பவர்கள் பொருள் கேட்பார்கள். அதனால் பேச்சுக்காரியான பேச்சி பேசுவதையே விட்டுவிட்டாள்.

குஞ்சுக்கு முழுச் சிறகு வந்தது. ஒரு பகல் வெயில் நன்றாக ஏறியதும் அது எழும்பி, வட்டமிட்டு, மேலே மேலே போனது. ஒவ்வொரு சுற்றிலும் சிறியதானது. காத்திருப்பவர்களுக்குப் பயம் இருக்கும் என்பதே அதற்குத் தெரியாது. தன் வாழ்நாளில் அது அஞ்சிக் காத்திருந்ததில்லை. ஆகவே போகும்போது ஒன்றும் சொல்லாமல் போயிற்று. பேச்சி கழுத்தை மடித்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த கருவேலத்தின் மேல் உட்கார்ந்து, அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாயி ஏதோ சொல்ல வந்தாள். காத்திருக்கிறவளிடம் சொல்வதற்கு அவளிடமும் சொல் இல்லை. சிறகை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகுதான் கூழைக்கடாக் குஞ்சுகள் கூட்டில் ஓயாமல் கத்துவதும், வளர்ந்து பையும் சிறகும் வந்ததும் வாய் அடைத்துப் போவதும் வழக்கமாயிற்று. அந்தச் சின்னச் சொல் இன்றும் நாடு நாடாக அலைகிறது, ஒவ்வோர் இடத்திலும் வேறொரு பொருளைச் சுமந்துகொண்டு. ஆனால் பேசத் தெரியாத குழந்தை தனியாக விழித்துக்கொண்டு, உதட்டைக் கூட்டித் திறந்து அதைச் சொல்லும்போது, யாரோ ஒருத்தி கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன், இரு" என்று ஓடி வருகிறாள்.